ஜும்ஆ முடிவதற்குள்

இந்த இருமலுக்கு அப்புறம் சொல்லிவிடுவார் என்று மைதீன் பிச்சை நினைத்தார். பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு இருமினார், இன்னொரு தரம் இருமினார், பக்கத்தில் இருந்த செம்பிலிருந்து தண்ணீர் குடித்தார், பிறகு பொறுமையின் சிறப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பொறுமையாம். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் ஒழுங்கு முடிந்தது, பெற்றோரைப் பேணுவது முடிந்தது, அண்டை வீட்டாரின் உரிமைகூட வந்து முடிந்துவிட்டது. அண்டை வீட்டார் என்ற சொல் ஸ்பீக்கரில் கேட்டபோது மைதீன் பிச்சை முதுகை நிமிர்த்திக்கொண்டார். இதோ வந்துவிட்டது, இன்னும் ஓர் எட்டு, அண்டை வீட்டார் என்றால் அண்டைக் கடைக்காரரும்தானே, அப்படியே நயினார் பேரைச் சொல்லி, நயினார் மகள் பேரைச் சொல்லி, இந்தப் பிள்ளையைக் கொன்றவன் அநியாயக்காரன் என்று ஒரே ஒரு வாக்கியம், அதற்கு மேல் ஓர் எழுத்து வேண்டாம். ஹஜ்ரத்தோ குழம்பில் கொஞ்சம் தண்ணீர் கூட விட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டு வேறு தெருவில் திரும்பிவிட்டார். முன்வரிசையில், ஹஜ்ரத்தின் கண்ணில் படும்படி உட்கார வேண்டும் என்றுதான் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்திருந்தார், ஹஜ்ரத்தின் கண் அவர் பக்கம் வந்தால்தானே. அது தூணைப் பார்க்கிறது, மின்விசிறியைப் பார்க்கிறது, கடிகாரத்தைப் பார்க்கிறது.

பஜாரில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையும் ஆறுமுகநயினாரின் நாட்டுமருந்துக் கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. கண்ணாடி வாங்க வருகிறவர்கள் பக்கத்துக் கடையில் திப்பிலி இடிக்கும் நெடியில் தும்முவார்கள், தும்மிவிட்டு எழுத்துப் பலகையைத் தப்பாகப் படிப்பார்கள். காலையில் ஒரு டீ வாங்கி இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடிப்பது இருபது வருஷப் பழக்கம், அரசாங்கம் மாறினாலும் அது மாறியதில்லை. நயினாருக்கு ஒரே மகள். செண்பகவல்லி என்று பேர், மைதீன் பிச்சைக்கு அவள் பாப்பாதான். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்று கண்ணாடி மாட்டவேண்டி வந்தபோது, கண்ணாடி போட்டால் அசிங்கமாக இருப்பேன் என்று கடைக்குள் நின்று ஒரே அழுகை, அவர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இப்பப் பாரு, நான் என்ன அழகாவா இருக்கேன் என்று கேட்டதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிட்டாள். நகரத்துக் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் நின்றாள், அங்கே ஒரு சைக்கிளில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அவளோடு சேர்த்து நாலு பேர். பிணவறைக்கு நயினாரோடு போனவர் மைதீன் பிச்சை. ஒரு பிளாஸ்டிக் உறையில் பாதிக் கண்ணாடியைப் போட்டு நீட்டினார்கள், நயினாருக்கு அது விளங்கவில்லை, வலதுபக்கத் திருகு பொருந்தாமல் தான் வேறு திருகு போட்டுக் கொடுத்த கண்ணாடி என்று மைதீன் பிச்சைக்கு விளங்கியது. இவளுடையதுதான் என்று சொன்னது அவருடைய வாய். அந்த வாய்க்குள் இன்றைக்கு வரைக்கும் சோறு சரியாக இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கடைக்குத் திரும்பியபோது நயினார் கடையைத் திறந்திருந்தார். காரியம் முடிந்த மறுநாளே திறந்துவிட்டார், வீட்டில் உட்கார முடியவில்லை என்றார். யாருக்கோ சுக்கு நிறுத்துக்கொண்டே, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இன்னைக்கு ஒங்க பள்ளியாசல்ல பாப்பாவப் பத்தி எதும் சொன்னாங்களாவே?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். குத்தலாகக் கேட்டிருந்தால் நாலு வார்த்தை திருப்பிப் பேசி அப்புறம் சமாதானமாகியிருக்கலாம். இது மழை பெய்ததா என்று கேட்கிற குரல். பஞ்சாயத்து ஆபீசில் மௌனம் நின்றார்கள், கோயிலில் பூஜை செய்தார்கள், சர்ச்சில் மணியடித்தார்கள், பக்கத்துக் கடைக்காரன் போகிற இடத்தில் என்ன செய்தார்கள் என்று ஒரு தகப்பன் தெரிந்துகொள்ள நினைப்பதில் என்ன தப்பு. மைதீன் பிச்சை மென்று முழுங்கிவிட்டு, "அடுத்த வெள்ளிக்கிழம சொல்லுவாங்கவே" என்றார். யாரைக் கேட்டுச் சொன்னார்? யாரையும் கேட்கவில்லை. வாயிலிருந்து விழுந்தது. நயினார் "சரி" என்று சுக்கைப் பொட்டலம் கட்டினார். இன்றைக்கு அந்த அடுத்த வெள்ளிக்கிழமை.

பொறுமை முடிந்து இப்போது ஏதோ தூரதேசத்தில் குண்டுக்குப் பலியாகும் குழந்தைகளைப் பற்றி ஹஜ்ரத் பேசினார், குரல் தழுதழுத்தது, பின்வரிசைகளில் பெருமூச்சு கேட்டது. அதுவும் நிஜம்தான், அதைப் பொய் என்று எவன் சொன்னான், விமானத்திலிருந்து விழுகிற குண்டுக்கு எந்த மதம் என்று எந்த டிவியும் கேட்பதில்லை, அதை நினைத்தால் மைதீன் பிச்சைக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் இப்போது எதற்கு அது? இங்கே ஒரு பிள்ளை செத்துக் கிடக்கிறபோது அங்கே செத்த பிள்ளைகளைக் கூட்டிவந்து குறுக்கே நிறுத்துகிறாரே, அந்தப் பிள்ளைகளுக்காவது இது பிடிக்குமா? தூரத்துச் சாவுக்கு அழுவது எவ்வளவு வசதி, யாரும் திரும்பி உன்னைப் பார்க்க மாட்டார்கள். இதை நினைத்தவுடனே, அப்படியானால் நீ அவர்களுக்கு அழ வேண்டாம் என்கிறாயா என்று உள்ளுக்குள் யாரோ கேட்டார்கள், இல்லை, அப்படிச் சொல்லவில்லை, இரண்டுக்கும் அழலாம் என்கிறேன், இரண்டுக்கும் அழ ஒரு மனுஷனுக்கு இரண்டு கண் இருக்கிறதே என்று அவர் தனக்குள் சண்டை போட்டார். இந்தச் சண்டைதான் இத்தனை நாளும். எங்கே ஆரம்பித்தாலும் சுற்றிச் சுற்றி அந்த வீடியோவில் வந்து நிற்கிறது.

அந்த வீடியோவை அவர் பார்த்திருக்கக் கூடாது. குண்டு வைத்தவன் அதற்கு முதல் நாள் எடுத்து வைத்திருந்தது, போன் போனாகப் பரவி அவருடைய போனுக்கும் வந்துவிட்டது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது, சின்னத் தாடி, சலவைச் சட்டை, பார்த்தால் பெண் கொடுக்கலாம் போல ஒரு முகம். பேசுவதற்கு முன்னால் ஓதினான். அங்கேதான் மைதீன் பிச்சைக்குச் சிக்கிக்கொண்டது. என்ன அழகாக ஓதினான்! நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு பிசகு இல்லாமல். மதரஸாவில் உஸ்தாதின் பிரம்பு முழங்காலில் விழ விழ அந்தத் தொண்டை எழுத்தைச் சரியாக உச்சரிக்க மைதீன் பிச்சைக்குக் கடைசிவரை வரவில்லை, இவனுக்கு வந்திருக்கிறது. முரட்டுத்தனமாக, தப்பும் தவறுமாக ஓதியிருந்தால், சரி, ஒன்றும் தெரியாத பயல், எவனோ பிடித்து மூளையைக் கெடுத்துவிட்டான் என்று தள்ளியிருக்கலாம். இப்போது எப்படித் தள்ளுவது? காலையில் சுபுஹுத் தொழுகைக்குத் தக்பீர் கட்டும்போது அதே அல்லாஹு அக்பர் என்ற வார்த்தையைத்தான் இவரும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய மகன் பிறந்தபோது வலது காதில் சொன்னது அந்த வார்த்தை, வாப்பாவை மையவாடிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது சொன்னது அந்த வார்த்தை, சைக்கிளில் பையை மாட்டிவிட்டு நடந்தபோது அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். வீட்டுக்குள் புகுந்து ஒருவன் பண்டபாத்திரத்தை அள்ளிக்கொண்டு போனால் போலீசுக்குப் போகலாம், வாயில் இருக்கிற வார்த்தையை அள்ளிக்கொண்டு போனவனை என்ன செய்வது. படுபாவி. அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து தக்பீர் கட்டும்போதெல்லாம் அவன் முகம் வருகிறது, தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று மறந்துபோகிறது.

இஸ்லாத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்றார் ஜமாஅத் தலைவர் கமாலுதீன், இதே முன்வரிசையில் இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருக்கிறார், அத்தர் வாசனை இங்கே வரைக்கும் அடிக்கிறது. செவ்வாய்க்கிழமை அவரிடம் போய் நின்றபோது, "மைதீனு, நாம எதுக்கு முந்திக்கிட்டுப் போயி கண்டிக்கணும்? ஒன் வீட்ல திருட்டுப் போனா ஊர்ல இருக்குற எல்லாரும் வந்து நான் திருடல, நான் திருடலன்னா சொல்லுதான்? கண்டிச்சா நமக்கும் அதுக்கும் என்னமோ இருக்குன்னு ஆயிரும்" என்றார். நியாயமான பேச்சு, பதில் சொல்ல முடியாத பேச்சு, அதனாலேயே மைதீன் பிச்சைக்கு அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது. ராத்திரி டிவியில் கோட்டுப் போட்ட இன்னொருவர் எல்லாவற்றுக்கும் இதுதான் வேர் என்று மேசையைத் தட்டினார், அவர் கழுத்தையும் பிடிக்கலாம் போல இருந்தது. ஒருத்தருக்கு ஒன்றுமே சம்பந்தமில்லை, இன்னொருத்தருக்கு எல்லாமே சம்பந்தம், இரண்டு பேருமே யோசிக்கிற வேலையை முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். மைதீன் பிச்சைக்குத்தான் தூக்கமில்லை. சம்பந்தம் இல்லையென்றால் அவன் ஏன் ஓதினான்? சம்பந்தம் உண்டென்றால் அதே ஓதலைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நான் ஏன் எறும்பைக்கூட மிதிக்காமல் பார்த்து நடக்கிறேன், தொழுதுகொண்டிருந்த ஆட்களுக்கு நடுவில் போய் வெடித்துச் சிதறுகிறார்களே அந்தத் தேசங்களில், அந்தப் பள்ளிவாசல்களில் செத்தவர்கள் எந்தச் சம்பந்தத்தில் செத்தார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டால் அந்தக் கேள்வி முளைக்கிறது, அதை வெட்டினால் இது முளைக்கிறது. கண்ணாடிக் கடைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் மனைவி கேட்கிறாள். எவன் எதற்குக் குண்டு வைக்கிறான் என்று உலகத்துக்கு விளக்குவதா என் வேலை? ஒரு பேரை ஒரு தடவை சொல்லச் சொல்கிறேன், அது ஏன் இத்தனை கஷ்டமாக இருக்கிறது?

ஏன் என்று தெரியாமலும் இல்லை. அண்ணன் அசன் காக்கா வீட்டின் பின்கட்டில் இருக்கிறார். எப்போதோ எங்கேயோ வெடித்த ஒரு குண்டுக்காக ஒரு நாள் விடியற்காலையில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஜாமீன் கிடையாது, வாய்தா வாய்தாவாக வருஷங்கள் போயின, காக்காவின் தலைமுடி ஜெயிலுக்குள்ளேயே நரைத்தது, கடைசியில் ஒரு நீதிபதி இவர் மேல் குற்றமே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். போன வருஷங்களை யாரும் உறையில் போட்டுத் திருப்பித் தரவில்லை. காக்கா பள்ளிவாசலுக்கு வருவதில்லை, வீட்டிலேயே தொழுதுகொள்கிறார், வாசலில் பைக் நின்றால் கதவிடுக்கில் பார்க்கிறார். நேற்று மைதீன் பிச்சை விஷயத்தைச் சொன்னதும், "வாயத் தொறக்காத. நீ ஒண்ணு சொல்லுவ, அவுக ஒண்ணு எழுதிக்கிருவாக" என்றார். பிறகு வெகுநேரம் கழித்து, "அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?" என்று கேட்டார், இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காக்காவைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தப் பள்ளிவாசலில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவர் வீட்டுப் பின்கட்டிலும் இப்படி ஒரு பயம் பாய் விரித்துப் படுத்திருக்கிறது. இப்போதுகூட எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உளவுப் பிரிவு ஆள் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருப்பார், எல்லாருக்கும் அவரைத் தெரியும், சிலபேர் சலாம்கூடச் சொல்வார்கள். பயம் நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பயத்துக்கு நயினார் என்ன செய்வார், அவர் என்ன காக்காவைப் பிடித்துக் கொடுத்தாரா, காக்கா ஜெயிலில் இருந்தபோது வக்கீல் வீட்டுக்கு என் கூடவே அலைந்த மனுஷன் அல்லவா.

ஹஜ்ரத் நல்லவர். அதுதான் இதில் பெரிய கஷ்டம். வேறு ஜில்லாக்காரர், சின்ன வயசு, கைக்குழந்தை, ஜமாஅத் போ என்றால் மறுநாளே பெட்டியைக் கட்ட வேண்டிய பிழைப்பு. புதன்கிழமை அசர் தொழுகைக்கு அப்புறம் அவருடைய அறையில் உட்கார்ந்து மைதீன் பிச்சை கேட்டபோது ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"மைதீன் காக்கா, அந்தப் புள்ளைக்கு மறுமைக்காகப் பாவமன்னிப்புத் தேடி துஆ செய்யறதுக்கு எனக்கு வழி இல்ல. நான் படிச்ச கிதாபு அப்படி. அத மட்டும் கேக்காதீங்க."

"அதக் கேக்கல ஹஜ்ரத். பேரச் சொல்லுங்க. கொன்னவன் அநியாயக்காரன்னு சொல்லுங்க."

"அதச் சொல்லலாம். அதுக்கு ஒரு தடையும் இல்ல. சொல்லிர்றேன்."

மகளைப் பறிகொடுத்தவரிடம் போய், உம் மகளுக்காக துஆ கேட்க எங்கள் கிதாபில் இடமில்லை என்று சொல்ல முடியுமா, இருந்தாலும் சொல்கிறேன் என்றாரே, அதுவரைக்கும் போதும் என்று எழுந்து வந்தார். கையைப் பிடித்துச் சொன்ன வார்த்தை. அப்புறம் இந்த இரண்டு நாளில் யார் யார் போய் அவர் காதைக் கடித்தார்களோ. தலைவர் இன்றைக்கு எதற்கு இத்தனை அத்தர் போட்டுக்கொண்டு முன்வரிசைக்கு வந்திருக்கிறார் என்றுகூடத் தோன்றியது. தோன்றியதும் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது, ஆண்டவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அத்தரைச் சந்தேகப்படுகிறோமே.

"ஆக அன்பான சகோதரர்களே" என்றார் ஹஜ்ரத். ஆக என்றால் முடிக்கப்போகிறார். மைதீன் பிச்சையின் காது இரண்டும் விறைத்தன. இப்போது. சொல்லுங்கள் ஹஜ்ரத். ஒரே வாக்கியம். கையை உயர்த்திக் காட்டலாமா? பயான் நடக்கும்போது எழுந்து பேசக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, தமிழில் நடக்கிற பேச்சுதானே இது, யாரும் பேசியதில்லை, அவ்வளவுதான். முழங்காலில் கையை ஊன்றினார். ஊன்றிய கை வழுக்கியது, அவ்வளவு வேர்வை. ஹஜ்ரத்தின் கண் முதல்முறையாக அவர் மேல் வந்து விழுந்தது, உடனே எடுத்துக்கொண்டது. "அல்லாஹ் நம் அனைவருக்கும் நேர்வழி காட்டுவானாக" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். நேர்வழி! மனுஷன் நேராக இருந்த வழியை விட்டுவிட்டு இத்தனை சந்து சுற்றிவிட்டு நேர்வழியாம். பாங்கு சொல்லும் மோதினார் எழுந்து அஸாக் கோலைக் கையில் எடுத்தார். அந்தக் கோலை ஊன்றி நின்று, குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது யாரும் பேசக் கூடாது, பக்கத்து ஆளைப் பார்த்துச் சும்மா இரு என்று சொல்வதுகூட வீண்பேச்சில் சேரும் என்ற எச்சரிக்கையை ராகமாக ஓதினார். வாப்பா காலத்திலிருந்து வாராவாரம் கேட்ட எச்சரிக்கை, இன்றைக்குத் தனக்கென்றே ஓதியதாகப் பட்டது. கோல் ஹஜ்ரத் கைக்குப் போனது, ஹஜ்ரத் மிம்பர் மேடைப் படியில் ஏறினார், பூட்டுப் போட்டாயிற்று. இனி அரபு. வார்த்தைகள் மேலே விசிறியோடு சுற்றின, பின்னால் யாரோ உட்கார்ந்தபடியே தூங்கி மூச்சு விட்டார்கள். மைதீன் பிச்சை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரும் மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள், இத்தனை நூறு பேர், ஒருவராவது அந்த பஸ் நிறுத்தத்தை நினைத்திருப்பாரா என்று ஆத்திரமாக வந்தது, நினைத்திருந்தாலும் அதைச் சொல்ல ஒரு வழியுமில்லாமல் தன்னைப் போலவே புழுங்கிக்கொண்டிருப்பாரோ என்றும் வந்தது. கடையில் நயினார் இப்போது சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து வைத்திருப்பார்.

தொழுகைக்கு எழுந்தார்கள், தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். தக்பீர் கட்டியதும் வழக்கம்போல அந்தப் பயலின் முகம் வந்தது, போடா என்றார் மனசுக்குள், போகவில்லை. முதல் ரக்அத் எப்படிப் போனதென்று தெரியாது. இரண்டாவதில் ஹஜ்ரத் வெள்ளிக்கிழமைகளில் வழக்கமாக ஓதுகிற பாடத்தை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். சூரியன் சுருட்டப்படும் நாள், நட்சத்திரங்கள் உதிரும் நாள், மலைகள் நகரும் நாள். கோர்ட்டு வராந்தாவில் காக்காவின் வாய்தாவுக்குக் காத்திருந்த வருஷங்களில் குர்ஆனின் தமிழ்த் தர்ஜுமாவை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்த பாடம் இது, மைதீன் பிச்சைக்கு அர்த்தம் தெரியும். அடுத்து என்ன வருகிறது என்று தெரிந்ததும் அவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் பிள்ளையிடம் அந்த நாளில் விசாரிக்கப்படும், எந்தக் குற்றத்துக்காக அவள் கொல்லப்பட்டாள் என்று. ஹஜ்ரத் அந்த வசனத்துக்கு வந்தார். ஓதினார். நிறுத்தினார். மறுபடி அதையே ஓதினார். குரல் உடைந்தது, மூன்றாவது தடவை அதையே ஆரம்பித்துப் பாதியில் நின்றார். பள்ளிவாசல் முழுக்க விசிறிச் சத்தம். இமாம் ஓதும்போது மறந்து நின்றால் பின்னால் நிற்பவர்கள் அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும், அது கடமை, அதில் எங்கள் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. வலது பக்கத்திலிருந்து ஒரு குரல் அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தது. ஹஜ்ரத் நகரவில்லை. இடது பக்கத்திலிருந்து தலைவரும் இன்னும் சத்தமாக எடுத்துக் கொடுத்தார், பின்வரிசையிலிருந்தும் ஒன்று வந்தது. நாலா பக்கமிருந்தும் நல்ல மனசோடு அந்த ஆளைப் பிடித்து அந்தக் கேள்வியிலிருந்து தள்ளினார்கள், பாவம் மறந்துவிட்டார் என்று. மறக்கவில்லையடா பாவிகளா, அவர் அங்கேதான் நிற்கிறார், நில்லுங்கள் ஹஜ்ரத், அங்கேயே நில்லுங்கள் என்று மைதீன் பிச்சை கட்டிய கைக்குள் நகம் பதிய நின்றார். ஹஜ்ரத் தக்பீர் சொல்லி ருகூவுக்குக் குனிந்துவிட்டார். எல்லாரும் குனிந்தார்கள்.

சலாம் கொடுத்து, துஆ முடிந்து, கூட்டம் கலைந்தபோது தலைவர் போகிற போக்கில், "ஹஜ்ரத்துக்கு இன்னைக்கு மறதி வந்துட்டு, நல்லாத் தூங்குங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். மைதீன் பிச்சை மிம்பருக்குப் பக்கத்தில் ஹஜ்ரத்தின் எதிரே போய் உட்கார்ந்தார். ஹஜ்ரத்தின் கண் சிவந்திருந்தது.

"ஓதிட்டேனே காக்கா. உங்களுக்கு விளங்குச்சுல்ல?"

"விளங்குச்சு."

"என்னால அவ்வளவுதான் முடிஞ்சுது. அல்லாஹ்வுக்குத் தெரியும்."

"அவனுக்கு முன்னாடியே தெரியும் ஹஜ்ரத். இங்க இருக்குற ஆளுகளுக்குல்லா தெரியணும்."

ஹஜ்ரத் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் அவரைப் பிடித்து உலுக்க மைதீன் பிச்சைக்கு மனசு வரவில்லை. சொல்லியாயிற்று என்று நயினாரிடம் சொல்லிவிடலாம், அது பொய்கூட இல்லை, மூன்று தடவை சொன்னார்கள் என்றே சொல்லலாம், என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அரபில் என்று சொல்லலாம். சே. அந்த மனுஷனிடம் போய் இப்படி ஒரு வக்கீல் வேலை பார்க்க வேண்டுமா? எழுந்தார். கால் செருப்பு வைக்கிற வாசலுக்குப் போனது, படியில் நின்றது, அவர்தான் நிறுத்தினாரா அதுவாக நின்றதா தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது, இரண்டு முனையையும் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எல்லாரும் ஒரு நிமிசம்" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "அஸ்ஸலாமு அலைக்கும், ஒரு நிமிசம். எங்க பக்கத்துக் கடை ஆறுமுகநயினாரு மக, செண்பகவல்லின்னு பேரு. ஒரே புள்ள. காலேஜ்ல படிச்சிட்டிருந்துச்சு..." அவ்வளவு சொல்வதற்குள் கூட்டம் அவரை இடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டது. தெரிந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு செருப்பைத் தேடினார்கள், ஒரு வாரமும் இல்லாமல் இன்றைக்கு அந்தச் செருப்புகள் அவர்களுக்கு அகப்படவே இல்லை. தெரியாதவர்கள், சந்தைக்கு வந்த வெளியூர்க்காரர்கள், அவசரமாக வந்தார்கள். ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவர் கையில் தொங்கிய துண்டில் போட்டார். பின்னாலேயே இன்னொருவர் போட்டார். அப்புறம்தான் மைதீன் பிச்சைக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை தொழுகை விட்டதும் இந்தப் படியில் துண்டோடு நின்று ஒரு பிள்ளையின் பேரைச் சொல்கிறவர்கள் யார்? ஆபரேஷனுக்கு, கல்யாணத்துக்கு, பள்ளிக்கூடச் செலவுக்கு உதவி கேட்கிறவர்கள்தான், வாராவாரம் அவரே போட்டிருக்கிறார், நின்று கேட்டதில்லை, போட்டுவிட்டு நடந்திருக்கிறார். "இல்ல, காசுக்கு இல்ல" என்றார், அதுவும் கூச்சத்தில் சொல்வதாக எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். பழவண்டிக்காரர் போல இருந்த ஒருவர் மட்டும் நின்று, நோட்டை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, பரிவோடு கேட்டார்.

"கல்யாணத்துக்கா பாய், வைத்தியத்துக்கா?"

"செத்துப்போச்சு."

"இன்னா லில்லாஹி... என்ன சீக்கு?"

"கொன்னுட்டான்."

"யாரு?"

"நம்மாளு ஒருத்தன்" என்றார் மைதீன் பிச்சை. கத்தியிருக்க வேண்டும், செருப்புத் தேடிய கைகளெல்லாம் நின்றன. "நாம தொழுற தொழுகையத் தொழுது, நாம ஓதுறத நம்மளவிட நல்லா ஓதி, போயி அந்தப் புள்ளயக் கொன்னுட்டான். செண்பகவல்லி. அவ பேரு செண்பகவல்லி. அவன் அநியாயக்காரன். இத உள்ள சொல்லியிருக்கணும், சொல்லல, அதான் இங்க நின்னு சொல்லுதேன்."

எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உளவுப் பிரிவு ஆள் தின்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். பழவண்டிக்காரர் கொடுத்த நோட்டைத் திரும்ப எடுக்கவா விடவா என்று தெரியாமல் கையை நீட்டி மடக்கினார், கடைசியில் எடுக்காமல், "இதெல்லாம் ரோட்டுல நின்னு பேசாதீங்க பாய்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். தலைவர் காரிலிருந்து இறங்கி வருவது தெரிந்தது. அவர் வருவதற்குள் மைதீன் பிச்சை துண்டை அப்படியே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஜாருக்கு நடந்தார். காக்காவிடம் என்ன சொல்வது, நாளைக்கு ஜீப் வந்தால் என்ன செய்வது, மகன் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறானே என்று ஒவ்வொன்றாக வந்து மோதியது, பேசாமல் வந்திருக்கலாம் என்று நாலு தரம் நினைத்தார், நாலு தரமும் தன்னையே திட்டிக்கொண்டார்.

நயினார் கடை வாசலிலேயே நின்றிருந்தார். சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல் இருந்தது.

"சொன்னாங்களாவே?"

"அவங்க சொல்லல. நான் சொன்னேன்."

நயினார் அவருடைய முகத்தைப் பார்த்தார், கக்கத்துத் துண்டைப் பார்த்தார். "என்ன சொன்னாங்க அதுக்கு?"

"காசு போட்டாங்க" என்றார் மைதீன் பிச்சை. துண்டைக் கடை மேசை மேல் வைத்தார், அது தானாகப் பிரிந்து நோட்டுகள் கடுக்காய்த் தட்டில் சரிந்தன. அதைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தை மூடிக்கொண்டார். "உதவி கேக்கேன்னு நெனச்சிட்டாங்கவே."

நயினார் நோட்டுகளைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்து அவருக்குப் போட்டார், தானும் சாக்கு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார். தெருவில் ஒரு லாரி பின்னால் வந்து நின்று, சரக்கை இறக்கிவிட்டுப் போனது.

"பேரச் சொன்னீரா?"

"சொன்னேன். செண்பகவல்லின்னு ரெண்டு மூணு தடவ சொன்னேன்."

"அவளுக்கு அந்தப் பேரே புடிக்காதுவே" என்றார் நயினார். "காலேஜ் போனதுலேருந்து செண்பான்னுதான் கூப்பிடணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் ஒருநாகூடக் கூப்பிடல."